குறைத்துக் காட்டிய கருவி: புதுவயல் பக்கத்து அரிசி ஆலைப் பாய்லரில் கடத்துதிறன் டிரான்ஸ்மிட்டர் – ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியை அடுத்த புதுவயல் வட்டாரம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது. புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு எரிபொருளாக ஆலையிலேயே விழும் உமி. இந்த ஆய்வில் வரும் ஆலையில் மணிக்கு 2 டன் கொள்ளளவுள்ள மூன்று பாஸ் ஷெல் பாய்லர், 7 கிலோ அழுத்தத்தில், இரண்டு ஷிஃப்டாக நாளுக்கு 16 மணி நேரம் ஓடுகிறது. சராசரியாக மணிக்கு 1.5 டன் நீராவி செலவாகிறது.

அவிக்கும் நீராவி நேராக நெல்லுக்குள் போய்விடுகிறது. டிரையரிலிருந்து வரும் கண்டன்சேட் (குளிர்ந்து நீரான நீராவி) மட்டும்தான் திரும்பும், அதுவும் கொஞ்சம். ஆக பாய்லர் குடிப்பது பெரும்பாலும் புதுத் தண்ணீர், அதாவது போர்வெல் தண்ணீர். செட்டிநாட்டுக்காரர்கள் குடிக்க ஊருணி, புழங்கக் கிணறு என்று பிரித்து வைத்தது சும்மா இல்லை. இந்த ஆலையின் போர் தண்ணீரில் கடினத்தன்மை (காரையாகப் படியும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு) 300 பி.பி.எம்., கடத்துதிறன் (நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன்; கரைந்த உப்பு கூடினால் இதுவும் கூடும்) 850 மைக்ரோசீமன்ஸ். (இனி கடத்துதிறன் எண்கள் எல்லாம் ஒரு செ.மீ.க்கு, 25 டிகிரியில்.) தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும். மொத்த உப்பைக் குறைக்காது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அந்த உப்பு பாய்லருக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். பாய்லர் நீரில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டு, அதாவது புளோடவுன் செய்து, அதை வெளியேற்றியே ஆக வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: ஊட்டு நீரின் (பாய்லருக்குள் விடும் நீரின்) கடத்துதிறனை, பாய்லர் நீருக்கு வைத்த வரம்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வரம்பு 5,000 என்றால் 850-ஐ 4,150-ஆல் வகுக்க சுமார் 20 சதவீதம். மணிக்கு 1.5 டன் நீராவிக்கு 300 லிட்டர் சுடுநீர் வெளியே போக வேண்டும்.

இதைத் தானாகச் செய்யத்தான், கடத்துதிறனை அளந்து மின் சைகையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் போட்டிருந்தார்கள். பாய்லரின் பக்கவாட்டுத் துளையிலிருந்து சாம்பிள் கூலர் (எடுத்த நீரைக் குளிரவைப்பது) வழியாக ஒரு ஃப்ளோ செல் (நீர் ஓடிக்கொண்டே இருக்கும் அளவைக் கூடு). அதில் செல் மாறிலி (மின்முனைகளின் இடைவெளியையும் பரப்பையும் பொறுத்த எண்) 1.0 உள்ள இரண்டு மின்முனை எஸ்.எஸ்.316 (துருப்பிடிக்காத எஃகு) புரோப், பக்கத்தில் டிரான்ஸ்மிட்டர், 0–10,000 கடத்துதிறனுக்கு 4–20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், அங்கிருந்து கட்டுப்பாட்டுப் பேனல். பேனலில் 5,000 தாண்டினால் புளோடவுன் வால்வு திறக்கும்.

என்ன நடந்தது

முதலில் தெரிந்தது, நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்த்த பாய்லர்காரருக்கு. "அண்ணே, கிளாஸ்ல தண்ணி நிக்கவே மாட்டேங்குது, குதிக்குது" என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த சில நாட்களில் நீராவி ஈரமாக வந்தது, டிரையரின் ஸ்டீம் டிராப்புகளில் (நீராவியை விடாமல் நீரை மட்டும் வடிப்பவை) வெள்ளைப் பொடி படிந்தது, அவியலில் சில லாட் அரிசி மஞ்சளேறியது. பாய்லர் நீர் காரத்தன்மை உள்ளது. அது நுரைத்து நீராவியோடு சேர்ந்து நெல்லில் பட்டால் அரிசியின் நிறம் போகும். ஆலைக்கு உண்மையான நட்டம் இங்கேதான்.

பேனலில் பார்த்தால் 3,100. வரம்புக்கு வெகு கீழே. எனவே சந்தேகம் கருவி மேல் விழாமல் பாய்லர் நீரில் சேர்க்கும் டோசிங் கெமிக்கல் மேலும், நீர்மட்டக் கட்டுப்பாட்டின் மேலும் விழுந்தது. ஒரு வாரம் அதிலேயே போயிற்று.

வழியைக் காட்டியது புளோடவுன் வால்வுக்குப் பின்னால் இருந்த குழாய். ஓடுகிற பாய்லரின் புளோடவுன் குழாய் கைவைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். இது குளிர்ந்து கிடந்தது, மேலே உமித்தூசி ஈரமே படாமல் ஒரு விரல் கனத்துக்கு. நாள் கணக்கில் அந்த வால்வு திறக்கவே இல்லை. ஷிஃப்டுக்கு ஒரு முறை கையால் திறக்கும் அடிப் புளோடவுன்தான் பாய்லரை அதுவரை காப்பாற்றி வந்திருக்கிறது.

சாம்பிளை எப்படி எடுத்தார்கள் என்பதே ஒரு பிழை

பேனலைச் சரிபார்க்க அதுவரை செய்து வந்தது இது: அடிப் புளோடவுன் குழாயில் வாளியைப் பிடித்து, ஆறவிட்டு, கைமீட்டரை முக்குவது. 7 கிலோ அழுத்தத்தில் பாய்லர் நீர் சுமார் 170 டிகிரியில் இருக்கிறது. திறந்த வாளியில் விழும்போது ஏறக்குறைய 13 சதவீதம் உடனே ஆவியாகிவிடும்; உப்பு முழுதும் வாளியிலேயே தங்கும். ஆக வாளி நீர் உண்மையைவிட 15 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கூலரில் அழுத்தத்தோடு குளிர்ந்து வரும் நீரை எடுத்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

கூலர் வழியாக எடுத்த நீரில் கைமீட்டர் காட்டியது 7,800. பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு மறையும் வரை காலிக் அமிலம் சேர்த்து நடுநிலையாக்கியபின் 6,500, 0.7-ஆல் பெருக்க, டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்தம்) 4,550 பி.பி.எம். இந்த வகை ஷெல் பாய்லருக்கு 3,500-க்குள் வைக்க வேண்டும். நடுநிலையாக்காமல் பெருக்கினால் ஹைட்ராக்சைடு அயனி எண்ணைத் தூக்கிவிடும், ஏனென்றால் மற்ற அயனிகளைவிட அது மின்சாரத்தை வெகு வேகமாகக் கடத்தும்.

உண்மை 7,800, பேனல் 3,100. டிரான்ஸ்மிட்டரின் சொந்தத் திரையோ 3,880. ஒரே கருவியின் இரண்டு திரைகள் இரண்டு எண் காட்டுகின்றன என்பதை அதுவரை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

பிழையைப் பிரித்தெடுத்த விதம்

கடத்துதிறன் சங்கிலியில் புரோப், கேபிள், டிரான்ஸ்மிட்டர், லூப் (4–20 மில்லி ஆம்பியர் ஓடும் கம்பிச் சுற்று), பேனல் என்று ஐந்து கண்ணிகள். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க ஒரு ரெசிஸ்டர் போதும். செல் மாறிலி 1.0 என்றால் 5,000 மைக்ரோசீமன்ஸ் என்பது 200 ஓம். 1,000 என்பது 1,000 ஓம். 10,000 என்பது 100 ஓம். புரோப் முனையில் கேபிளைக் கழற்றி, இரண்டு மின்முனைக் கம்பிகளுக்கு நடுவே 200 ஓம் போட்டு, வெப்பச் சென்சார் இடத்தில் 1,097 ஓம் போட்டால் (பி.டி.1000 என்ற பிளாட்டினச் சென்சாருக்கு அதுதான் 25 டிகிரி) திரையில் 5,000 வர வேண்டும்.

வந்தது. கேபிளும் டிரான்ஸ்மிட்டரும் நல்லவை. லூப்பில் வரிசையாக மில்லி ஆம்பியர் மீட்டர் போட, 12.00 காட்டியது, அதுவும் சரி. ஆனால் பேனலில் 4,000. பேனலைப் போட்டவர் 20 மில்லி ஆம்பியருக்கு 8,000 என்று வைத்திருக்கிறார், டிரான்ஸ்மிட்டரோ 10,000. எந்த நிலையிலும் பேனல் 20 சதவீதம் குறைத்தே காட்டியிருக்கும்.

அடுத்தது வெப்பத் திருத்தம். 1,097 ஓமை 1,200 ஆக மாற்றியும் திரை அசையவில்லை. திருத்தம் தானியங்கியில் இல்லை, கையால் 25 டிகிரி என்று பூட்டப்பட்டிருந்தது. கூலரிலிருந்து வரும் நீர் 42 டிகிரி. சாதாரண உப்புநீரின் கடத்துதிறன் டிகிரிக்கு 2 சதவீதம் கூடும். 17 டிகிரிக்கு 34 சதவீதம். இது மேல்நோக்கிய பிழை.

போட்ட புதிதில் எல்லாரும் ஏன் "சரியாகத்தானே காட்டியது" என்றார்கள் என்பது இங்கே விளங்கிவிடுகிறது. உண்மை 4,000 என்று வைத்துக்கொண்டால், வெப்பப் பிழை அதை 5,360 ஆக்கும், பேனல் பிழை அதை 4,290 ஆக இறக்கும். ஒப்பிடப் பிடித்த வாளி நீரோ 4,600. இரண்டுக்கும் வித்தியாசம் 7 சதவீதம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். வெப்பம், பேனல், வாளி என்ற மூன்று பிழைகள் ஒன்றையொன்று மறைத்ததில் வந்த பொருத்தம் அது. கருவியை ஒப்படைக்கும்போது ஒரே ஓர் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ரெசிஸ்டர் சோதனை அன்றைக்கே செய்திருந்தால் கால் மணி நேரத்தில் கருவியின் இரண்டு பிழையும் வெளியே வந்திருக்கும்.

பேனலின் பதிவையும் எடுத்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. காலையில் எண் தாழ்ந்தும் மதியம் இரண்டு மணிக்கு மேல் உயர்ந்தும், நாள்தோறும் ஓர் அலை. கூலருக்குத் தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து வருகிறது. சித்திரை வெயிலில் அந்தத் தொட்டித் தண்ணீரே வெந்நீர். பாய்லர் நீரின் உப்பு வெயிலுக்கு ஏறி இறங்காது. எண் வெயிலோடு ஏறி இறங்குகிறது என்றால் வெப்பத் திருத்தம் வேலை செய்யவில்லை என்று அந்த அலையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

புரோப்

மீதிக் குறைவு புரோப்பில். இரண்டு ஐசொலேஷன் வால்வுகளையும் மூடி, வடிகாலைத் திறந்து அழுத்தம் இறங்கியதை உறுதி செய்தபிறகே அதைக் கழற்ற வேண்டும். கூலர் இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது, கூலரின் தண்ணீர் நின்றால் வருவது 170 டிகிரி நீர்.

மின்முனைகள் மேல் சாம்பல் வெள்ளையில் பல் காரை போல ஓர் அடுக்கு. நகத்தால் சுரண்டினால் பொடியவில்லை, செதிலாகப் பெயர்ந்தது. அதற்குக் கீழே உலோகம் பளபளப்பாக இருந்தது, எனவே புரோப் பிழைத்தது. இந்த அடுக்கு மின்முனையின் பரப்பை மூடிவிடுகிறது. மின்னோட்டம் குறைகிறது, எண்ணும் குறைகிறது. வேறு பிழைகளையெல்லாம் கழித்துப் பார்த்தால், இந்தப் புரோப் உண்மை அளவில் 37 சதவீதத்தை மட்டுமே காட்டியிருக்கிறது.

அடிக்கோடிட வேண்டியது இதுதான். தொடு மின்முனைப் புரோப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எண்ணைக் குறைக்கும்: காரை, எண்ணெய்ப் படலம், காற்றுக் குமிழி, பாதி நிரம்பிய குழாய், அறுந்த கம்பி, அடைபட்ட சாம்பிள் குழாய். உப்பு மிகும்போது மின்முனை முகப்பில் வரும் முனைவாக்கமும் (அயனிகள் அங்கே குவிந்து மின்னோட்டத்தைத் தடுப்பது) குறைக்கத்தான் செய்யும். மாறுமின்னோட்டம் கொண்டு அளந்து இந்த முனைவாக்கத்தை அடக்கும் வழியை ஜெர்மன் இயற்பியலாளர் கோல்ராஷ் 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். இன்றைய டிரான்ஸ்மிட்டரும் அதையே செய்கிறது. என்றாலும் செல் மாறிலி 1.0 உள்ள இரண்டு மின்முனைப் புரோப்பை 10,000-க்கு மேல் நம்பக் கூடாது; அங்கே மாறிலி 10 அல்லது நான்கு மின்முனை வேண்டும். எண்ணைக் கூட்டிக் காட்டும் கோளாறு சிலவே. அவற்றில் அடிக்கடி வருவது ஜங்ஷன் பாக்ஸில் ஈரம். புரோப்பைக் கழுவித் துடைத்துக் காற்றில் பிடித்தால் பூஜ்யம் வர வேண்டும். 20, 30 என்று நின்றால் முனையங்களைத் திறந்து பாருங்கள்.

பாய்லரில் குறைந்த எண் என்றால் வால்வு திறக்காது. கருவி கெட்டால் பாய்லர் ஆபத்தான பக்கம்தான் சாயும். எனவே கடத்துதிறன் திடீரென்று "நன்றாக" ஆகிவிட்டால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுத்தம் செய்தலும் சரிபார்த்தலும்

சுண்ணாம்புக் காரைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும். ஆனால் குளோரைடு எஸ்.எஸ்.316-ஐக் குழிக்கும். இங்கே 10 சதவீத சிட்ரிக் அமிலம், சுமார் 50 டிகிரிச் சூட்டில், 20 நிமிடம் வீதம் இரண்டு தடவை. நடுவே நைலான் பிரஷ். பிறகு நிறைய நல்ல தண்ணீர், கடைசியில் டிஸ்டில்டு வாட்டர். உப்புத்தாள், கம்பி பிரஷ் கூடவே கூடாது. கீறல் விழுந்த மின்முனையில் அடுத்த காரை சீக்கிரம் பிடிக்கும், செல் மாறிலியும் மாறும். சிட்ரிக்குக்கு அசையாத கண்ணாடி போன்ற அடுக்கு என்றால் சிலிக்கா. அதோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதுப் புரோப் வாங்குவதே மலிவு.

சரிபார்க்க 1,413 மைக்ரோசீமன்ஸ் பொட்டாசியம் குளோரைடு கரைசல். கடையில் சீசாவாகக் கிடைக்கும். செய்துகொள்வதென்றால், 105 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 745.6 மி.கி.யைக் கரைத்து, டிஸ்டில்டு வாட்டரால் 1 லிட்டராக்க வேண்டும். சீசாவில் இருக்கும் 1,413 என்பது 25 டிகிரிக்கு. நம் ஊர்ப் பட்டறையில் கரைசல் 30 டிகிரியில் இருந்தால் அதன் உண்மைக் கடத்துதிறன் 1,552. வெப்பத் திருத்தம் தானியங்கியில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் செல் மாறிலியைத் தொட வேண்டும். புரோப்பைக் கரைசலில் இரண்டு முறை அலசிக் கொட்டி, மூன்றாவதாக ஊற்றியதில் அளக்க வேண்டும். குமிழி போகத் தட்டிவிட்டு, வெப்ப எண் நிலைக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். இங்கே வந்தது 1,390. மாறிலி 1.00-ஐ 1.017 ஆக மாற்றியதும் பொருந்தியது. இந்தத் திருத்தம் 10 சதவீதத்தைத் தாண்டினால் மாறிலியை மாற்றாதீர்கள், புரோப்பை மறுபடி சுத்தம் செய்யுங்கள். அழுக்கை எண்ணால் மூடினால் அடுத்த மாதம் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

பீக்கரில் சரியாக இருந்த புரோப், ஃப்ளோ செல்லில் மாட்டியதும் ஆடியது. சில வேளை 5,900, சில வேளை 4,000. ஃப்ளோ செல்லில் தண்ணீர் மேலிருந்து நுழைந்து கீழே வெளியேறியது. ஓட்டம் குறையும்போதெல்லாம் செல் பாதி காலியாகி மின்முனையின் ஒரு பகுதி காற்றில் நின்றது. இணைப்பை மாற்றி, கீழே நுழைந்து மேலே வழியும்படி செய்தபின் ஆட்டம் நின்றது. இந்த ஒரு விதியைப் பொருத்தும் அன்றே பார்த்திருக்கலாம், காசு செலவில்லாத வேலை.

மறுபடி பொருத்தியதில் மாற்றியவை

பாய்லரில் புதுத் துளை போடவில்லை. ஷெல்லில் வெல்டிங் என்றால் பாய்லர் துறை அனுமதி இல்லாமல் நினைக்கவே கூடாது. இருந்த துளை ஊட்டு நீரும் டோசிங்கும் நுழையும் இடத்துக்கு எதிர்ப்பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்ததால் இடம் பழுதில்லை. முதல் வால்வு மட்டும் பாய்லர் விதிகளின் மூன்று-சி படிவச் சான்றுள்ளதாக மாற்றப்பட்டது. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வு கூலருக்குப் பின்னால் வந்தது. முன்னால் வைத்தால் அழுத்தம் சூட்டிலேயே விழுந்து நீர் கொதித்துக் குமிழியாகும். ஓட்டம் நிமிடத்துக்கு 1 லிட்டர், வழிவது ஒரு திறந்த புனலில் கண்ணுக்குத் தெரிய விழ வேண்டும். ஓட்டம் நின்றதை ரோட்டாமீட்டர் என்ற ஓட்ட அளவியைவிட அந்தப் புனல் சீக்கிரம் சொல்லும்.

புரோப் கேபிளை உமி ஊதும் பிளோயரின் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளோடு ஒரே டிரேயில் இழுத்திருந்தார்கள். 30 செ.மீ. தள்ளித் தனிக் குழாயில் போட்டு, குறுக்கே போகும் இடத்தில் செங்குத்தாகக் கடக்க வைத்தார்கள். ஷீல்டு டிரான்ஸ்மிட்டர் பக்கம் மட்டும் எர்த். இரண்டு பக்கமும் கட்டினால் ஷீல்டு வழியே மின்னோட்டம் ஓடும். கேபிள் கிளாண்ட் கீழ்நோக்கி, அதற்கு முன் கேபிளில் ஒரு தொங்கு வளைவு, வழியும் நீர் உள்ளே போகாதபடி.

பேனல் 0–10,000 ஆனது. வெப்பத் திருத்தம் தானியங்கி, 2.0 சதவீதம். வால்வு 5,000-இல் திறந்து 4,700-இல் மூடும். இதற்கு மேல் இரண்டு காவல்கள். ஒன்று, பாய்லர் நீராவியில் இருக்கும்போது எண் அரை மணி நேரம் 2,000-க்குக் கீழ் நின்றால் அலாரம். ஊட்டு நீரே 850 எனும்போது ஓடும் பாய்லரில் அவ்வளவு கீழே இறங்க வழியில்லை. இரண்டு, எண் என்னவாக இருந்தாலும் 30 நிமிடத்துக்கு ஒரு முறை வால்வு 2 நிமிடம் திறக்கும். இதில் கொஞ்சம் சுடுநீரும் உமியும் வீண்தான். ஆனாலும் நிறம் போன ஒரு லாட் அரிசியின் விலை முன்னால் அது ஒன்றுமே இல்லை. டிரான்ஸ்மிட்டர் தன் பழுதைச் சொல்ல அனுப்பும் மின்னோட்டத்தை 22 மில்லி ஆம்பியராக வைத்ததும் இதே காரணத்துக்காக. கம்பி அறுந்தால் பூஜ்யம் என்று தவறாகப் புரிந்து வால்வு மூடிக் கிடப்பதைவிட, திறந்து அலறுவது நல்லது.

காரைக்கு மூலம்

புரோப்பில் காரை என்றால் பாய்லர் குழாய்களிலும் அதே காரை. சாஃப்ட்னரில் கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் 100 லிட்டர். லிட்டருக்கு 50 கிராம் என்று கொண்டால் 5,000 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 300 பி.பி.எம். தண்ணீரில் அது 16,600 லிட்டர். மணிக்கு 1,800 லிட்டர் ஊட்டினால் ஒன்பது மணி நேரம். ஓடுவதோ 16 மணி, ரெசினைப் புதுப்பிக்க (ரீஜெனரேஷன்) உப்பு போடுவதோ தினம் காலையில் ஒரு தடவை. மாலை ஷிஃப்ட் ஏறக்குறைய முழுக்கக் கடின நீர்தான் உள்ளே போயிருக்கிறது. காலையில் மட்டும் கடினத்தன்மை பார்த்ததால் சோதனைப் புத்தகத்தில் எல்லா நாளும் பூஜ்யம்! இப்போது கடிகாரத்தை விட்டுவிட்டு வாட்டர் மீட்டரைப் பார்த்து, 14,000 லிட்டருக்கு ஒரு தடவை 15 கிலோ உப்பு. கடினத்தன்மையை ஒவ்வொரு ஷிஃப்டின் கடைசி மணியில் பார்க்கிறார்கள், 5 பி.பி.எம். தாண்டினால் அப்போதே ரீஜெனரேஷன்.

காரை ஒட்டாத வளையச் சென்சார் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. நீரை மின்முனையால் தொடாமல் தூண்டல் முறையில் அளப்பதால் அது அழுக்கைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. விலை கூடுதல், பெரிய ஃப்ளோ செல் வேண்டும், சுவர் நெருங்கினால் எண் மாறும். சாஃப்ட்னர் ஒழுங்காக ஓடும் ஆலையில் அதற்கு அவசியமில்லை, ஒழுங்காக ஓடாத ஆலையில் அது பாய்லரைக் காப்பாற்றாது.

பராமரிப்பு

ஷிஃப்டுக்கு ஒரு முறை புனல் ஓட்டம், கூலர் நீர் வெப்பம் (45 டிகிரிக்குக் கீழ்), டிரான்ஸ்மிட்டர் திரையும் பேனலும் ஒன்றா என்று பார்ப்பது. நாளுக்கு ஒரு முறை கூலர் சாம்பிளில் கைமீட்டர். 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் புரோப்பைக் கழற்ற வேண்டும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சிட்ரிக் கழுவல், பிறகு காரை பிடிக்கும் வேகத்தைப் பார்த்து நீட்டிக்கலாம். கழுவுவதற்கு முன்னாலும் பின்னாலும் 1,413-இல் வரும் எண்ணை எழுதி வைப்பது முக்கியம். முன்னால் வரும் எண்தான் இடைவெளியை முடிவு செய்யும். ரெசிஸ்டர் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அதற்கான 100, 200, 1,000 ஓம் ரெசிஸ்டர்களும் 1,097 ஓமுக்கு வைத்த டிரிம்பாட்டும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) ஒரு சின்ன டப்பாவில் பேனலுக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன.

மாற்றங்களுக்குப் பிறகு பாய்லர் நீர் இரண்டு நாளில் படிப்படியாக 5,000-க்கு வந்தது. ஒரே மூச்சில் இறக்கவில்லை. அப்படிச் செய்தால் நீர்மட்டமும் அழுத்தமும் ஆடும். கேஜ் கிளாஸ் அடங்கியது. மஞ்சள் லாட் மறுபடி வரவில்லை. கூலருக்கு மேல்தொட்டிக்குப் பதில் போர்வெல்லிலிருந்து நேரடிக் குழாய் கொடுக்கும் வேலை மட்டும் பாக்கி. அடுத்த கோடைக்குள் முடித்தாக வேண்டும்.